வடிகால் வேலையை மழையிலேயே ஆரம்பியுங்கள்

முத்துப்பேட்டைக்கு வடக்கே, கோரையாற்றுப் பக்கம் எங்களுக்கு ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலம். இங்கே மேட்டூர்த் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்ய ஊரே வரும். வந்த தண்ணீர் வடியவில்லை என்று மனு எழுத ஆள் கிடைக்காது. நட்ட சம்பா நாலைந்து நாள் முழுகிக் கிடந்தால் அழுகல்தான்.

வடிவாய்க்காலில் தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்பது கோடையில் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டதும் கரையில் நடங்கள். ஒவ்வொரு தரைப்பாலத்திலும் மேல்பக்கம், கீழ்பக்கம் இரண்டிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பெயிண்டால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுங்கள். இரண்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி அந்தப் பாலம். எங்கள் ஊரில் பாலத்துக்கு அடியில் போகும் குழாயை வாய்க்கால் தரையைவிட ஒரு அடி உயரத்தில் பதித்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்த்த கொத்தனார் சிரித்தேவிட்டார். அதற்கு முன் மூன்று வருஷம் வீணாகத் தூர்வாரியிருக்கிறோம்!

இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறினால் பாலத்தைத் திட்டாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறும்போது, கடல் ஆற்றுத் தண்ணீரை வாங்காது, ஆறும் நம் தண்ணீரை வாங்காது. அந்த இரண்டு மூன்று நாளுக்குத் தண்ணீர் உட்கார ஓர் இடம் வேண்டும். அது குளம்தான். வாய்க்காலிலிருந்து குளத்துக்குப் போகும் வாய் அடைபட்டிருந்தால் முதல் செலவு அங்கே. குளத்தங்கரையில் சிமென்ட் நடைபாதை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ஜனவரி 26 கிராம சபை. “வடிகால் சரியில்லை” என்று பேசினால் பேச்சோடு போய்விடும். வி.ஏ.ஓ.விடம் புலப்படம் பார்த்து, புல எண், நீளம், எவ்வளவு இறக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். பெரிய வடிகால் என்றால் நீர்வளத்துறைக்கும், ‘சி’, ‘டி’ என்று பிரித்திருக்கும் சிறு வாய்க்கால் என்றால் வேளாண் பொறியியல் துறைக்கும் அதே நகலும் போட்டோவும் போகட்டும். தோண்டப் பணம் வரும், வருஷா வருஷம் செடி பிடுங்க வராது. அதற்கு நாங்கள் அறுவடை முடிந்ததும் மாவுக்கு 50 ரூபாய் வசூலிக்கிறோம். கொடுக்காதவர் ஒரு நாள் மண்வெட்டியோடு வர வேண்டும்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் வேலை முடிய வேண்டும். ஆற்றில் விழுகிற கடைசி முனையிலிருந்து மேல்நோக்கித் தூர்வாருங்கள். மேலே மட்டும் தூர்வாரினால் பக்கத்து ஊர்க்காரர் வயலில் தண்ணீரை ஏற்றிய பாவம் நமக்கு. பொக்லைன்காரர் சேற்றைக் கரை விளிம்பில் கொட்டுவார். ஒரே மழையில் அது திரும்ப உள்ளே இறங்கிவிடும், தள்ளிப் போடச் சொல்லுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிப் போட்டால் துண்டு துண்டாகத் துளிர்க்கும், வேரோடு பிடுங்கிக் காய வைக்க வேண்டும். சரிவில் வெட்டிவேர் நடுங்கள், இளசை ஆடு விடாது, இரண்டு மாதம் முள் போட்டு வையுங்கள்.