தோட்டத்துச் சாளைக்குச் சின்னக் காற்றாடி: எந்த வடிவம் சரிப்படும்?

ஆனி பிறந்து மேகாத்து (மேற்கிலிருந்து வரும் மேல்காற்று) அடிக்க ஆரம்பித்தால் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருக்கும் எல்லோருக்கும் ஒரு தடவையாவது தோன்றும்: பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற இவ்வளவு காற்றும் சும்மா போகிறதே, நாமும் சின்னதாக ஒரு காற்றாடி வைத்தால் என்ன? தாராளமாக வைக்கலாம். ஆனால் வடிவத்தின் அழகில் மயங்காதீர்கள், இறக்கை சுற்றும் பரப்பைப் பாருங்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். 2 மீட்டர் விட்டமுள்ள மூன்று இறக்கைக் காற்றாடி சுமார் 3.14 சதுர மீட்டர் பரப்பில் சுற்றும். அதில் வரும் சக்தியில் 30 சதவீதம் கரண்டானால், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 70 வாட், 10 மீட்டர் காற்றில் 560 வாட். அதனால் யாராவது '1 கிலோவாட்' என்று சொன்னால், எந்த வேகத்தில் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் 11, 12 மீட்டர் என்பார்கள், ஆடி மாதத்தில்கூட அந்த வேகம் நாள் முழுக்க நிற்காது. காற்றிலுள்ள சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க முடியாது, அது ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் கண்ட வரம்பு. அதைத் தாண்டுவோம் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

பீப்பாயை நெடுக்காகப் பிளந்து எதிரும் புதிருமாக நிறுத்தியது போல இருப்பது சவோனியஸ். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சுற்றும், மெல்லிய காற்றிலும் கிளம்பும், ஆனால் அதே பரப்புக்கு மூன்று இறக்கையில் பாதி கரண்ட் வந்தாலே பெரிது. செங்குத்துத் தண்டில் வளைந்த இறக்கை கொண்ட டேரியஸ் அதைவிட நன்றாகக் கறக்கும்; தானாகக் கிளம்பச் சண்டித்தனம் செய்யும், அதிர்வும் உண்டு. முறுக்கிய இறக்கை வைத்தால் அதிர்வு குறையும், விலை ஏறும்.

என் தேர்வு மூன்று இறக்கை, படுக்கைத் தண்டு, பின்னால் வால். காற்று மிஞ்சும்போது வால் மடங்கி இறக்கையை ஒதுக்கிவிடும் அமைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு இறக்கை மலிவுதான், ஆனால் திசை திரும்பும்போதெல்லாம் உதறும்.

வடிவத்தைவிடப் பெரிய விஷயம் உயரம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் மொட்டை மாடியில் வைத்தார், கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழன்ற காற்றில் கரண்டும் வரவில்லை, ராத்திரி முழுக்கச் சுவர் அதிர்ந்து யாரும் தூங்கவும் இல்லை. சுற்றி 90 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் 9 மீட்டராவது மேலே இறக்கை நிற்க வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவே என்றால் கம்பச் செலவே காற்றாடி விலையைத் தாண்டிவிடும், அங்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பேட்டரி நிறைந்ததும் மிச்சக் கரண்டை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர் வாங்குங்கள். சுமை இல்லாமல் விட்டால் இறக்கை கட்டுக்கடங்காமல் சுற்றும். கம்பம் தூரமாக இருந்தால் 12 வோல்ட் வேண்டாம், 48 வையுங்கள், ஒயரில் வீணாவது குறையும். எர்த் கண்டிப்பாக வேண்டும். மாசி, பங்குனியில் காற்று படுத்துவிடும், ஆகவே சோலார் பேனலையும் அதே பேட்டரியில் தனிக் கன்ட்ரோலர் போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஆடி மூட்டத்தில் பேனல் சோர்ந்தால் காற்றாடி தாங்கும்.

அப்புறம், கம்பத்தின் அடியில் கீல் வைத்து, ஸ்டே கம்பியைத் தளர்த்திச் சாய்க்கிற மாதிரி நடுங்கள். வைகாசியிலேயே இறக்கி போல்ட், பேரிங், இறக்கை விளிம்பு எல்லாம் பார்த்து, மேகாத்து வருவதற்குள் ஏற்றிவிடலாம்.