கடிக்கிற பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

"டீச்சர், இவன் கடிக்கிறான்" என்ற புகார் இல்லாமல் அங்கன்வாடியில் எனக்கு ஒரு வருஷமும் போனதில்லை. உடனே என்ன செய்வது என்று கேட்பார்கள். கடிபட்ட பிள்ளையைத் தூக்கிச் சமாதானப்படுத்தி, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். கடித்தவனை மாற்றும் வேலை அந்த நோட்டில்தான் தொடங்குகிறது.

பக்கத்தில் இரண்டு கோடு இழுத்தால் மூன்று கட்டம் கிடைக்கும். முதல் கட்டத்தில் "முன்னால்", நடுவில் "செய்தது", கடைசியில் "பின்னால்" என்று எழுதுங்கள். ஓரத்தில் நேரம். கடிக்கிற ஒவ்வொரு முறையும் கையோடு நிரப்ப வேண்டும். ஐந்து நாள் போதும்.

நடுக் கட்டத்தில்தான் எல்லாரும் தவறுவார்கள். "கோபத்தில் கடித்தான்" என்று எழுதாதீர்கள். கோபம் என்பது நாம் ஊகித்தது. கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். போன வருஷம் வந்த நான்கு வயதுப் பையனைப் பற்றி நான் எழுதியது இது:

செவ்வாய், 11.50. முன்னால்: சாப்பாட்டு வரிசை, இவன் ஏழாவது ஆள். செய்தது: முன்னால் நின்றவளின் தட்டைப் பிடித்து இழுத்தான், அவள் விடவில்லை, இடது தோளில் கடித்தான். பின்னால்: உதவியாளர் அக்கா "வா ராசா" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் உட்காரவைத்து முதல் தட்டை அவனுக்குக் கொடுத்தார்.

ஐந்து நாளில் ஒன்பது கடி. அதில் ஏழு இதே வரிசையில். ஏழிலும் மூன்றாவது கட்டம் ஒன்றுதான்: இடுப்பு, மடி, முதல் தட்டு. அக்கா மேல் குற்றமே இல்லை, மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் தூக்கினார். ஆனால் பையன் படித்த பாடம் வேறு. ஒரு செயலுக்குப் பின்னால் கிடைப்பதுதான் அந்தச் செயலை வளர்க்கிறது என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது, எங்கள் சமையலறை வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் யோசித்து எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 1934-இல் ஹெலன் டாவே என்பவர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் 200 சண்டைகளை, நடக்க நடக்கப் பதிவுசெய்தார். ஒரு சண்டை சராசரியாக அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிவது சாயங்காலம்வரை நம் நினைவில் எப்படி நிற்கும்?

எப்போதாவது நடக்கும் கடி, சண்டை, அழுகைக்கு இந்த முறை சரி. ஒரு பிள்ளை தனியாகவே விளையாடுகிறதா என்று பார்க்க வேறு வழி வேண்டும். மில்ட்ரெட் பார்ட்டன், 1932-இல் வெளியான தன் ஆய்வுக்கு, ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நிமிஷம் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த குழந்தைக்குப் போனார். பல நாள் இப்படிச் செய்தால் உண்மையான படம் கிடைக்கும்.

முடிந்தால் இன்னொருவரையும் அதே நேரத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். நானும் அக்காவும் 20 நிமிஷத்தை நிமிஷத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக் குறித்தோம். 17 கட்டம் ஒத்துப்போனது, அதாவது 85 சதவீதம். 80-க்குக் கீழே போனால், எதைக் "கடி" என்கிறோம் என்பதையே முதலில் பேசித் தீர்க்க வேண்டும். சட்டையைக் கவ்வுவது கடியா? நாங்கள் அதில்தான் முட்டிக்கொண்டோம்.

அப்புறம் மாற்றம். பையனைத் தட்டு எடுத்துக் கொடுக்கும் ஆளாக்கினோம். வரிசை தொடங்குமுன்பே அக்கா அவனைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, தட்டுகளைக் கையில் கொடுத்துவிடுவார். கடித்தால் கடிபட்ட பிள்ளைக்குத்தான் மடி. இவனைப் பேசாமல் வரிசைக் கடைசியில் நிறுத்தினோம்.

முதல் இரண்டு நாள் கடி கூடியது. இது வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயந்து பழையபடி தூக்கிவிடுவோம். 1959-இல் கார்ல் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். அதற்கு 21 மாதம். படுக்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் வெளியே போனால் கத்தும். திரும்பி உள்ளே போகாமல் இருந்த முதல் தடவை 45 நிமிஷம் கத்தியது. பத்தாவது தடவை சிணுங்கக்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து அத்தையோ சித்தியோ ஒருவர் படுக்கவைத்தார். கத்தலைக் கேட்டு உள்ளே போனார், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் பாட்டி, தாத்தா, மாமா என்று எத்தனை பேர்! எல்லாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எப்படி நடந்துகொள்கிறது பார்ப்போம் என்று குழந்தையைப் பயமுறுத்தியோ சீண்டியோ சோதிக்காதீர்கள். 1920-இல் வாட்சன், ரேனர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஆல்பர்ட் என்ற 11 மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து அலறவைத்தார்கள். எலியைப் பார்த்தாலே பயப்படும்படி ஆனபிறகு, அந்தப் பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நோட்டில் பெயர் வேண்டாம், ஓர் அடையாளம் போதும். பெற்றோரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள், கேட்டால் காட்டுங்கள். அந்தப் பையனின் அம்மா மூன்றாவது கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "வீட்டில தங்கச்சியைக் கடிச்சா நான் போனைக் குடுத்துடுவேன் டீச்சர்" என்றார். புது நோட்டு ஒன்றில் இரண்டு கோடு இழுத்து அவர் கையில் கொடுத்தேன்.