இலவச விடுதியில் இடம் கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெளியூரில் சிகிச்சை என்று முடிவானால் நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிடும். கூட வருகிறவர் எங்கே படுப்பார்? வார்டில் சேர்க்காமல் தினமும் வந்துபோகச் சொன்னால் நோயாளிக்கே இந்தக் கேள்விதான். இதற்காகவே நடக்கும் இலவச விடுதிகள் பல நாடுகளில் உண்டு. அவற்றை லாட்ஜ் மாதிரி நினைத்துக்கொண்டு போவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

போன் போட்டு "ரூம் இருக்கா?" என்று மட்டும் கேட்பார்கள். மறுமுனையில் இருப்பவரின் கையில் இருப்பதோ ஒரு படிவம். என்ன நோய், எந்த மருத்துவர், சிகிச்சை எந்தத் தேதியில் தொடங்குகிறது, எத்தனை நாள், கூட எத்தனை பேர்? பதில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பல விடுதிகள் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் எழுதி அனுப்பினால்தான் பெயரையே பதிவு செய்யும். ஆகவே சிகிச்சைத் தேதி கிடைத்த அன்றே அவரைப் பாருங்கள். பெட்டியோடு வந்து இறங்கிய பிறகு தேடுவது ரொம்பத் தாமதம்.

அடுத்தது, யாருக்கான இடம் என்று பார்க்காமலே விண்ணப்பிப்பது. 1974-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிய ரொனால்டு மெக்டொனால்டு ஹவுஸ், சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களுக்கானது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஹோப் லாட்ஜ் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு. ஃபிஷர் ஹவுஸ் அமெரிக்கப் படைவீரர்கள், முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களுக்கு. முதுகுவலி ஆபரேஷனுக்கு வந்தவர் ஹோப் லாட்ஜில் எவ்வளவு கெஞ்சினாலும் பலன் இருக்காது.

தூரக் கணக்கும் உண்டு. வீடு இத்தனை மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. இங்கே ஒரு சின்னத் தவறு பெரிதாகிவிடும்: கடிதம் வரட்டும் என்று, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைப் படிவத்தில் எழுதிவிடுவது. காகிதத்தில் நீங்கள் உள்ளூர்க்காரர் ஆகிவிட்டீர்கள். சொந்த வீட்டு முகவரியையே எழுதுங்கள், அதற்கான சான்றும் கையில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது காய்ச்சலை மறைப்பவர்கள் மீதுதான். பக்கத்து அறையில் கீமோதெரபி முடித்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்துபோன ஒருவர் இருக்கலாம். பொதுச் சமையலறையில் நாம் இருமும் ஒரு இருமல் அவரை மறுபடி வார்டுக்கு அனுப்பிவிடும். கூட வரும் பிள்ளைக்குச் சளியோ, பள்ளியில் யாருக்காவது அம்மையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதி தள்ளிப்போகலாம், போகட்டும்.

அப்புறம், அங்கே நர்ஸ் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு நோயாளியைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். அது தங்கும் இடம் மட்டுமே. கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சில விடுதிகள் கண்டிப்பாகவே சொல்லிவிடும். நடுவில் நோயாளியை வார்டில் சேர்த்துவிட்டால் அதையும் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். பையை வைத்து அறையைப் பூட்டிவிட்டுப் போனால், வெளியே பட்டியலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த இரவும் வராந்தாதான்.

வாசலில் நின்று "முன்பணம் கொடுங்கள், அறை வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

பெயர் கொடுத்தாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. முதல் இரண்டு மூன்று இரவுகளுக்கு வேறு ஏற்பாடு வைத்துக்கொண்டு, தினமும் காலையில் கூப்பிட்டுக் கேளுங்கள். யார் காலி செய்கிறார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.