கொல்லிமலையின் எழுபது வளைவுகள்: இருசக்கர வண்டியில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் செல்வோரைவிட, அந்த எழுபது என்ற எண்ணுக்காகவே மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் இப்போது அதிகம் என்று தோன்றுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்றத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வண்டி இழுக்குமா, இருவரைச் சுமந்து ஏறுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறார்கள்; ஏறி முடித்ததும் கடினமான பகுதி கடந்துவிட்டது என்று நிம்மதி அடைகிறார்கள். முதல் தவறு அந்த நிம்மதிதான். ஏற்றத்தில் செய்யும் பிழையைப் பூமியின் ஈர்ப்பே ஓரளவு திருத்திவிடும், ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தானாக நிற்கும். இறக்கத்தில் அதே ஈர்ப்பு ஒவ்வொரு பிழையையும் பெரிதாக்கும். நீலகிரியில் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குச் செல்லும் 36 வளைவுச் சாலையில், 2018-இல் நேர்ந்த கோர விபத்துக்குப் பின், வெளி மாவட்ட வண்டிகள் இறங்குவதற்குத்தான் தடை வந்தது. கீழிருந்து ஏறி வர அனுமதி இருந்தது. மலைச்சாலையை அறிந்தவர்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இறக்கத்தில் செய்யப்படும் தவறுகளில் மிகக் கொடியது, பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி என்ஜினை அணைத்துவிட்டோ நியூட்ரலில் போட்டோ வண்டியை உருட்டிக்கொண்டு வருவது. இதில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டி, இருவர், பைகள் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்றும், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் எங்கேயாவது போயாக வேண்டும். கியரில் இருந்தால் அதில் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். காற்றின் எதிர்ப்பு சிறிது வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்ட கணத்திலிருந்து, சாண் அகலமுள்ள ஒரு டிஸ்க் தகடும், சக்கரத்தின் நடுவில் மூடிக் கிடக்கும் பிரேக் ஷூவும் மட்டுமே அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

அவை தாங்காமல் போவது ஒரே நொடியில் நடப்பதில்லை என்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. முதலில் கருகிய வாடை வரும். பிறகு, முன்பு அழுத்திய அளவுக்கு அழுத்தினால் வண்டி முன்பு நின்ற இடத்தில் நிற்காது. டிரம் பிரேக்கில் ஷூவின் உராய்வுப் பரப்பு சூட்டில் பிடிப்பை இழக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி, லீவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பல வண்டிகளில் பயன்படும் டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 டிகிரி வரை தாழ்ந்துவிடலாம். வாங்கிய நாளிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றாத வண்டியை நகரத்தில் எத்தனை ஆண்டு ஓட்டினாலும் குறை தெரியாமல் இருக்கலாம். அது தெரியவரும் இடம் முப்பதாவது வளைவாக இருப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுவதே முறை.

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அது அப்படியே பொருந்தும். இரண்டாம் கியரில் ஏறிய சரிவில் நான்காம் கியரில் இறங்கினால் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. என்ஜின் இரைவதைக் கேட்டு, அதற்குக் கேடு வந்துவிடும் என்று கிளட்சைப் பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதமான வேகத்தில் எழும் அந்த இரைச்சல், என்ஜின் நமக்காகச் சுமை தாங்கும் ஓசை. பிரேக்கையும் தொடர்ந்து மிதித்தபடியே வரக் கூடாது. வளைவுக்கு முன்பு முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட்டால், அடுத்த வளைவு வரை ஆறுவதற்கு அவற்றுக்கு நேரம் கிடைக்கும். முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புற விழும் என்ற அச்சம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், மலை முழுவதையும் பின்பிரேக் ஒன்றை வைத்தே இறங்குவோர் பலர். இறக்கத்தில் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஸ்கூட்டரில் வருவோர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் நாம் தேர்ந்தெடுக்கக் கியர் இல்லை; வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதன் தானியங்கி கிளட்ச் விடுபட்டு, இருந்த சிறிதளவு என்ஜின் பிடிப்பும் போய்விடும். ஆகவே மெதுவாக இறங்குகிறோம் என்று தைரியமாக இருப்பவரின் ஸ்கூட்டர், உண்மையில் முழுக்க முழுக்க பிரேக்கை நம்பியே இறங்கிக்கொண்டிருக்கிறது. இடையில் மூன்று நான்கு முறை, அகலமான இடம் பார்த்து, பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கொல்லிமலை இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதைப் பலர் ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

இனி வளைவு. வளைவுக்குள் நுழைந்த பிறகு திருத்தக்கூடியது மிகக் குறைவு. வேகம், கியர், சாலையில் நமக்கான இடம் ஆகிய மூன்றும் நுழைவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இடப்புறம் செல்லும் நம் நாட்டில், இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு நமக்கு உட்பக்கமாக அமைகிறது. அது மிகக் குறுகலானது, சரிவும் அங்கேதான் செங்குத்தாக இருக்கும். ஏறும்போது அங்கே இரண்டாம் கியரில் நுழைந்து, பாதியில் இழுவை போய், முதல் கியருக்கு மாற்ற முயலும் நொடியில் என்ஜின் அணைந்தால், வண்டி இடப்பக்கம் சரியும். காலை ஊன்றப் போனால் தரை எதிர்பார்த்த உயரத்தில் இருக்காது. இதனாலேயே முதல் கியரை வளைவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வலப்பக்கம் திரும்பும் வளைவு நமக்கு அகலமானது, எளிதாகத் தோன்றுவது. அந்த எளிமைதான் எதிர்த்தடத்தின் உள்ளே புகுந்து குறுக்காக வெட்டச் சொல்லும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத இடத்தில் எதிர்த்தடத்தைத் தொடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

அப்பால் வருவது பெரும்பாலும் பேருந்தாக இருக்கும். பேருந்து திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியே போவதில்லை, உள்நோக்கி வெட்டிக்கொண்டு போகும். எனவே ஓட்டுநர் முதலில் வெளி விளிம்பு வரை விரித்துத்தான் திருப்ப முடியும். வளைவு முழுவதும் அப்போது அவருக்குத் தேவைப்படுகிறது. அவர் விரிக்கும்போது உட்பக்கம் உண்டாகும் இடைவெளியைக் கண்டு, நமக்கு வழி விடுகிறார் என்று எண்ணி நுழைவது உயிருக்கு உலை வைக்கும் தவறு. சில நொடிகளில் பின்சக்கரம் அந்த இடத்துக்கு வந்துவிடும். பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, அது முழுவதும் திரும்பி வெளியே வந்த பிறகு செல்ல வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் செல்ல முடியாத குறுகிய மலைச்சாலையில், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டவிதியும்கூட. ஏறும் வண்டி பாதியில் நின்றால் மீண்டும் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு முறை அனுபவித்தவருக்கு அந்த விதியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ அச்சத்துடன் பார்த்துக்கொண்டே திருப்பினால் கை அந்தத் திசைக்கே வண்டியைக் கொண்டுசெல்லும்; வளைவு முடியும் இடத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். கீழே வளைவுகள் அடுக்கடுக்காகத் தெரியும் காட்சியும் இதே காரணத்தால் ஆபத்தானது. அதைப் பார்க்கத்தானே வந்தோம் என்பது நியாயமானது, நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். ஆனால் வளைவின் மேலேயோ, அதன் வாயிலிலோ வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது, பேருந்துக்குத் தேவையான அந்த முழு அகலத்தையும் அடைத்துவிடுகிறது.

மழைக்காலத்தில் வளைவின் உள்விளிம்பில் மண்ணும் சருகும் சேர்ந்து கிடக்கும், நிரம்பிய டேங்கிலிருந்து சிந்திய டீசல் ஈரச் சாலையில் வானவில் நிறப் படலமாகப் பரவியிருக்கும். சாய்ந்த நிலையில் அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் நழுவிவிடும். ஏப்ரல் 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், நேராகச் செல்லும்போது பேருதவி செய்கிறது. சாய்ந்து திரும்பும் வண்டியை அது காப்பாற்றும் என்று நம்பி வேகம் கூட்டக் கூடாது. மூடுபனியில் தாழ்விளக்கே பயன்படும், உயர்விளக்கின் ஒளி பனியில் பட்டு நம் கண்ணையே கூசச் செய்யும்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதும் சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் தவறுதான். உணவு கிடைத்த வளைவிலேயே அவை காத்திருக்கப் பழகி, அடுத்து வரும் வண்டியின் குறுக்கே பாய்கின்றன. 40 வளைவுகள் கொண்ட ஆழியாறு–வால்பாறை சாலையில் வரையாடுகள் தடுப்புச் சுவரிலேயே நிற்பதைக் காணலாம். அங்கும் ஹாரன் அடிக்காமல் மெதுவாகக் கடப்பதே போதும்.

கூட்டமாகச் செல்லும்போது, முன்னே போகும் நண்பரின் வேகத்தைத் தம் வேகமாகக் கொள்வது அனுபவம் குறைந்தவரைத்தான் வீழ்த்தும். சந்திக்கும் இடத்தைப் பேசி வைத்துவிட்டு அவரவர் வேகத்தில் செல்லலாம். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து, விடிந்ததும் தூங்காமல் ஏறத் தொடங்குவோர், அன்று மாலையே இறங்கவும் செய்கிறார்கள். ஐம்பது வளைவு இறங்கிய கை லீவரைப் பிடிக்கச் சோம்பும். அப்போது இன்னும் இருபது இருக்கும். முடிந்தவரை மேலே செம்மேட்டில் ஓர் இரவு தங்கி, காலை வெளிச்சத்தில் இறங்குவது நல்லது.

கீழே காரவள்ளி வந்து சேர்ந்ததும், சூடேறிய டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. திடீரென்று குளிர்ந்த தகடு கோணிப்போகக் கூடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லீவர் அதிரும். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் நிழலில் நிறுத்தினால் அது தானாகவே ஆறிவிடும். கிளம்புவதற்கு முன் லீவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, பழைய கெட்டித்தன்மை திரும்பியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.