விதைப்பதற்கு முன் ஊரின் தண்ணீர்க் கணக்கைப் போடும் முறை

கிணற்றுப் பாசனத்தை நம்பிய கடினப் பாறைப் பகுதிகளில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினாலும், ஆண்டுதோறும் மண்ணுக்குள் இறங்கும் மழைநீரின் அளவு அதனால் கூடுவதில்லை. ஆகவே எவ்வளவு பரப்பில் என்ன பயிரிடலாம் என்பதை அந்த அளவிலிருந்தே தொடங்கிக் கணக்கிட வேண்டும்.

ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் கிடைக்கும். 500 ஹெக்டேர் பரப்புள்ள ஊரில் 700 மி.மீ. பெய்தால் அது 350 கோடி லிட்டர். இதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குச் செல்வதாகக் கொண்டால், கையிருப்பு 35 கோடி லிட்டர்.

முதலில் குடிநீரை ஒதுக்குங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 2,000 பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி லிட்டரும், 500 மாடுகளுக்குச் சுமார் 1 கோடி லிட்டரும் போக, 30 கோடி மிஞ்சும். முழுக்கக் கிணற்று நீரில் விளையும் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 1.2 கோடி லிட்டர் என வைத்தால் 25 ஹெக்டேரோடு கணக்கு முடிந்துவிடும். 50 லட்சம் லிட்டர் கேட்கும் நிலக்கடலை என்றால் 60 ஹெக்டேர் வரை போகலாம். வயலிலிருந்து மீண்டும் ஊறும் நீரால் இது சற்றே கூடுமெனினும், அதை நம்பிப் பரப்பை விரிக்காமல் கையிருப்பாக விடுவதே நல்லது. சொட்டுநீரால் மிச்சமாகும் தண்ணீரையும் அப்படியே விட வேண்டும். அதைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்தால் நிலத்தடி நீருக்கு மிச்சம் எதுவுமில்லை.

ஆண்டு மழை ஏறத்தாழ 400 மி.மீ. மட்டுமே கொண்ட மகாராட்டிரத்தின் ஹிவரே பஜார், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறுகளைத் தடைசெய்து, கரும்பையும் விலக்கி, ஆண்டுதோறும் இத்தகைய கணக்குப்படியே பயிரைத் தீர்மானிக்கிறது.

கணக்கைச் சரிபார்க்க, குறித்த சில திறந்த கிணறுகளில், இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்திய பின் விடியலில், ஒரே விளிம்பிலிருந்து கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். மழை ஒத்திருந்தும் தை மாத மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கினால், ஊறுவதைவிட அதிகமாக இறைக்கிறோம் என்று பொருள். சனவரி 26, மே 1 கிராம சபைகளுக்கு முந்தைய வாரத்தில் அளந்தால், கோடைச் சாகுபடிக்கும் அடுத்த பட்டத்துக்கும் உரிய பரப்பை அந்தக் கூட்டங்களிலேயே முடிவு செய்யலாம்.