திருகோணமலையில் பழைய ஒலிக்கருவி வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய மரான்ட்ஸ் அம்பிளிபயர் ஒன்றைக் கடைத் தட்டில் கண்டால் கை தானாக முன்பக்கத்துக்குத்தான் போகும். அலுமினிய முகப்பு, நீல வெளிச்சத்தில் தெரியும் அலைவரிசைக் கண்ணாடி, கனத்துச் சுழலும் குமிழ் ஆகியவற்றைப் பார்த்ததுமே வாங்குவதென்று மனம் முடிவெடுத்துவிடும். திருகோணமலையில் நான் கண்ட நஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்கின. கருவியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்திருந்தால் காசு தப்பியிருக்கும்.

இந்த ஊருக்குப் பழைய கருவிகள் முக்கியமாக இரண்டு வழிகளில் வந்தன. 1970களின் இறுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த நஷனல் பனசொனிக், ஷார்ப், அக்காய், சொனி கசெட் செட்டுகளும் தொலைக்காட்சிகளும் ஒரு வகை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நகருக்குள்ளும் பல வீடுகளின் அலுமாரிக்கு மேல் அவை இன்னும் இருக்கின்றன. ஜப்பானில் பாவித்துக் கழித்து, கொள்கலன்களில் ஏறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வருபவை மற்ற வகை. சன்சுயி, பயனியர், டெக்னிக்ஸ், லக்ஸ்மன் என்று உயர்ரகப் பெயர்கள் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். ஆபத்தும் அதில்தான் அதிகம்.

அடாப்டர் வோல்டைக் குறைக்காது

பஸ் நிலையத்துக்கு அண்மையில் ஒரு கடை. மேசையில் சன்சுயி அம்பிளிபயர். அதன் வயரின் நுனியில் ஜப்பானியத் தட்டைக் கால்கள் இரண்டு. அவற்றின்மேல் நம் ஊர் உருண்டைத் துளைக்குப் பொருந்தும் சிறிய அடாப்டர். கடைக்காரர் அதைப் பிளக்கில் செருகக் குனிந்தார். "நானா, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைபேசி வெளிச்சத்தைப் பின்பக்கத்தில் அடித்தேன். தூசிக்கடியில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. "அடாப்டர் போட்டிருக்கிறதே தம்பி" என்றார் அவர், உண்மையான வியப்போடு. அந்த அடாப்டர் கால்களின் வடிவத்தை மாற்றுமே தவிர, சுவரிலிருந்து வரும் 230 வோல்டை அப்படியே உள்ளே அனுப்பிவிடும்.

100 வோல்டுக்கென்று சுற்றிய டிரான்ஸ்போமருக்கு 230 வோல்ட் கொடுத்தால் உள்ளே எல்லா மின்னழுத்தமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறப் பார்க்கும். நல்லூழ் இருந்தால் பியூஸ் எரிந்து கருவி தப்பும். ஆனால் முன்பு யாரோ பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி இழை ஒன்றைச் சுற்றியிருந்தால் வடிகட்டும் கெப்பாசிட்டர் வெடிக்கும், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போகும், டிரான்ஸ்போமரும் கருகும். ஆகவே பியூஸ் மூடியைக் கழற்றிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். கண்ணாடிக் குழாய்க்கு மேல் செம்பு இழை தெரிந்தால், அந்தக் கருவியை முரட்டுத்தனமாகத் திருத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தலை தேய்ந்த திருகாணிகளும் அதே கதையைச் சொல்லும்.

100 வோல்டுக் கருவி வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம், வோல்டைக் குறைக்கும் தனி டிரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்டுக்குக் குறைப்பது. நம் மின்சாரம் 240க்கு ஏறும் நேரத்தில் அது ஏறத்தாழ 115 வோல்டைத் தரும். நாற்பது வயதுக் கருவிக்கு அது தேவையற்ற சுமை. 100 வோல்டுக்கே சுற்றியதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது சுற்றுவிப்பவரிடம் சொல்லிச் செய்வியுங்கள். பின்தகட்டில் 300 வாட்ஸ் என்றிருந்தால் 500 வாட்ஸ் தாங்குவதாவது வேண்டும். பயணப் பைக்குள் வைக்கும் இலேசான மின்னணு மாற்றிகளை ஒலிக்கருவிக்குப் பயன்படுத்தவே கூடாது.

மத்திய கிழக்கிலிருந்து வந்த செட்டுகளில் வேறொரு கண்ணி இருக்கிறது. சவூதியில் அந்நாளில் 127 வோல்டும் 220 வோல்டும் இரண்டுமே புழங்கின. அதனால் பல செட்டுகளின் பின்னால் 110, 127, 220, 240 என்று திருகிவைக்கும் ஒரு வட்டம் இருக்கும். நாணயத்தாலோ திருப்புளியாலோ திருப்பலாம். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள். நமக்கு 240 பொருத்தம்.

மின்னழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் அதிர்வெண் மிஞ்சியிருக்கிறது. ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். நேரடியாக மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றும் மோட்டார் கொண்ட இசைத்தட்டுக் கருவி 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டிருந்தால், இங்கே 33⅓ சுற்றுக்குப் பதில் நிமிடத்துக்கு 28க்கும் சற்றுக் குறைவாகவே சுழலும். நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டால் சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிக் கேட்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்று அதைக் கழித்துவிடுகிறார்கள். பல மாதிரிகளில் மோட்டாரின் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினாலே போதும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்று குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் நேரடியாகச் சுழல்பவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

ஜப்பானிய உள்நாட்டு டியூனரைப் பற்றி ஒரு வரி போதும்: அங்கே எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்தது, நம் நிலையங்கள் 108 வரை பரவியிருக்கின்றன, ஆகவே அதற்கென்று காசு கொடுக்காதீர்கள்.

ஒரு பாட்டு ஓடினால் போதாது

கடையில் சத்தமாக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். சத்தத்தில் குறை மறையும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பாட்டே இல்லாத நிலையை. கருவியைப் போட்டதும் சில விநாடிகளில் உள்ளே 'டிக்' என்று, ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டும் ஓசை வர வேண்டும். இந்தப் பாதுகாப்பு ரிலே உள்ள அம்பிளிபயரில் அது வராவிட்டால் உள்ளே கோளாறு இருக்கிறது. பிறகு ஒலியைக் குறைத்துவைத்து இரைச்சலைக் கவனியுங்கள். பேலன்ஸ் குமிழை ஒருமுறை முழுக்க இடப்புறமும், மறுமுறை முழுக்க வலப்புறமும் திருப்புங்கள். மிகத் தாழ்ந்த ஒலியில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதென்றால் ரிலேயின் தொடுமுனைகளில் களிம்பேறியிருக்கலாம்.

ஒரு மல்டிமீட்டரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் டிசி (நேரோட்ட) மின்னழுத்தத்தை அளந்தால் 50 மில்லிவோல்டுக்குள் இருப்பது நல்லது. 100ஐத் தாண்டினால் விலை பேசுவதை நிறுத்திவிட்டுத் திருத்துபவரைக் கேளுங்கள். குறைந்தது இருபது நிமிடமாவது ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். சூடேறிய பிறகு வெளிப்படும் நோய்கள் பல. கடைக்காரர் அவ்வளவு நேரம் அனுமதிக்க மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வாட்ஸ் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவது அடுத்த தவறு. 1990களின் பிளாஸ்டிக் செட்டுகளில் 'பிஎம்பிஓ 2000 வாட்ஸ்' என்று ஒட்டியிருப்பார்கள். அந்தக் கணக்குக்கு எந்தத் தரவிதியும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் அளவில் சொன்னால் அதில் சில பத்து வாட்ஸ்தான் தேறும். தூக்கிப் பாருங்கள். அந்தக் காலத்து நல்ல அம்பிளிபயரின் கனம் பெரும்பாலும் அதன் டிரான்ஸ்போமரிலிருந்தே வருகிறது. 1978இன் பயனியர் எஸ்எக்ஸ்-1980 முப்பத்தைந்து கிலோவைத் தாண்டும்.

பழைய வானொலியைச் சோதிக்கும்போது கடையின் எல்ஈடி பல்புகளையும் கைபேசிச் சார்ஜர்களையும் அணைக்கச் சொல்லுங்கள். மத்திய அலையில் கேட்கும் 'கிர்ர்' என்ற இரைச்சல் அவற்றிலிருந்தே வரக்கூடும். அதைக் கேட்டு நல்ல வால்வு வானொலிகளை ஒதுக்கிவிடுகிறார்கள். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் பல ஆண்டுகள் இயங்கிய ஊர் இது. சிற்றலையைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். வானொலி வாங்கப் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

உப்புக் காற்று தின்றவை

மூன்று பக்கமும் கடல் இருக்கும் நகரில் இரும்பும் செம்பும் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கரில் கெடுவது வேறு. கூம்பின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ஸ்பொஞ்ச் வளையம் ஈரக் காற்றில் இற்றுப்போகும். துணி மூடியைக் கழற்றி, விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். கருமையான பிசுக்காக ஒட்டினாலோ உதிர்ந்தாலோ வளையத்தை மாற்றியே ஆக வேண்டும். மாற்றக்கூடியதுதான், ஆகவே நல்ல கூம்பை அதற்காகக் கைவிட வேண்டாம், விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள். ரப்பர் அல்லது துணி விளிம்புள்ளவை நீண்ட காலம் நிலைக்கும்.

பிறகு கூம்பின் இருபுறமும் சமமாக விரல்களை வைத்து அரை அங்குலத்துக்கும் குறைவாக உள்ளே தள்ளி விடுங்கள். உரசல் ஓசை கேட்டால் சுருள் கருகியோ விலகியோ இருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் திறந்து, உள்ளே இருப்பவை ஒரே சோடியா என்று பார்ப்பது அவசியம். ஒன்றில் அசலும் மற்றதில் வாகன ஸ்பீக்கரும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கசெட் டெக்கில் பெல்ட் உருகித் தார் போலாகியிருக்கும். 'மோட்டார் சுழல்கிறது, பெல்ட் மட்டும்தான் போயிருக்கிறது' என்ற பேச்சை நம்பி வேலை செய்யும் டெக்கின் விலையைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிசினை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்து, சரியான அளவில் பெல்ட் தேடுவதற்கு ஒரு நாள் போய்விடும்.

தொலைக்காட்சியும் வீடியோ நாடாவும்

ரூபவாஹினி 1982இல் தொடங்கியதிலிருந்து இலங்கையில் பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறைதான். ஜப்பானில் அந்நாளில் இருந்தது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. ஜப்பானிலிருந்து வந்த சொனி டிரினிட்ரன் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் ஒளிபரப்பை அதில் ஒழுங்காகப் பார்க்க முடியாது. மத்திய கிழக்கிலிருந்து வந்த, பல ஒளிபரப்பு முறைகளிலும் இயங்கும் பெட்டிகளே இங்கே பயன்படும்.

வீடியோ டெக் வாங்குவோர் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் கலியாண, சாமத்தியச் சடங்கு நாடாக்கள் பால் முறையில் பதிவானவை. இலண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் உறவினர் அனுப்பியவையும் அப்படியே. கனடாவிலிருந்து வந்தவை என்டிஎஸ்சி. இரண்டையும் ஓட்டும் டெக்கைத் தேடி எடுத்தால், இல்லாமற்போன மனிதர்களின் குரலையும் முகத்தையும் மீட்கலாம். இந்தத் தேடலில் இதைவிட மதிப்புள்ள வேட்டை எனக்குத் தெரியவில்லை. அவசரத்தில் பூஞ்சை பிடித்த நாடாவை டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அது டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்விக்க வேண்டும்.

படக்குழாய் உள்ள பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அலைவரிசைக் கண்ணாடியில் எண்கள் பெரும்பாலும் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் அந்த எழுத்துகள் பஞ்சோடு வந்துவிடும். பிறகு எந்தக் கடையிலும் அவை கிடைக்கா. உலர்ந்த மென்மையான துணி போதும். கரகரக்கும் குமிழுக்கு டபிள்யூடி-40 அடிப்பது இங்கே பரவலான பழக்கம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் தூசி மேலும் ஒட்டும். மின் தொடுமுனைகளுக்கென்று விற்கும் திரவத்தையே வாங்குங்கள்.

பல ஆண்டுகள் கிடந்த அம்பிளிபயரை முதல் தடவை நேரே மின்சாரத்தில் செருகாதீர்கள். 60 அல்லது 100 வாட்ஸ் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துத் திருத்துபவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே குறுக்கு இணைப்பு இருக்கிறது. உதிரிப்பாகம் மாற்ற நேர்ந்தால் போலிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர்களுக்கும் எஸ்டிகே ஐசிகளுக்கும் சந்தையில் போலிகள் மலிந்திருக்கின்றன. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி மழையில் கருவியைப் பொலித்தீனால் மூடி வைப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான். பருத்தித் துணி போட்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது ஓடவிடுங்கள்.

கடைசியாக, பழைய இரும்புக் கடைகளைத் தவறவிடுவது. நல்ல கருவிகள் பல பழைய பொருட் கடைக்கே வருவதில்லை. அம்பிளிபயரின் டிரான்ஸ்போமரைச் செம்புக்காக உடைக்கிறார்கள், முகப்பை அலுமினிய விலைக்கு நிறுக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் ஒரு அழைப்புத் தந்தால் செம்பின் விலைக்கு மேல் தருவேன் என்று சொல்லி, உங்கள் தொலைபேசி இலக்கத்தை அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.