சோதனைத் திட்டத்திலேயே சாப்பாட்டு நேரத்தையும் எழுதுங்கள்

பெங்களூரில் ஒரு செல் உயிரியல் லேப்பில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். லேப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வேலையில் ஆசை உள்ளவர்கள். ஆனால் முதல் வருஷம் முடிவதற்குள் பலருக்கு உடம்பு கெட்டுப்போகிறது. காலையில் வெறும் வயிற்றோடு ஓடி வருவார்கள். மெஸ் மூடிய பிறகு மூன்றரை மணிக்கு ஒரு பப்ஸ், ஒரு டீ. ராத்திரி பத்துக்கு மேல் ஃபோனில் பிரியாணி. கேட்டால், "அக்கா, எக்ஸ்பெரிமென்ட் ஓடிட்டு இருக்கு, எங்க நேரம்?" என்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

நம் வேலையில் கையால் செய்வது கொஞ்சம், காத்திருப்பது அதிகம். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மெஷினில் வைத்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஜெல் ஓடி முடிய வேண்டும், பாக்டீரியா வளர வேண்டும், ஆன்டிபாடி ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது முந்தின நாளே நமக்குத் தெரியும். அதனால் லேப் நோட்டில் மறுநாள் புரோட்டோகாலை (சோதனையின் படிகளை) எழுதும்போதே, அந்த இடைவெளிக்கு நேராக "சாப்பாடு", "நடை" என்றும் எழுதிவிடுங்கள். நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று விட்டால் கிடைக்காது. எழுதி வைத்தால் பெரும்பாலும் நடந்துவிடும்.

சாம்பிளில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்குச் சாம்பிளைக் கொதிக்கவைத்து ஜெல்லில் ஏற்றினால், 100 வோல்ட்டில் ஓட ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் பத்து நிமிஷம் நின்று, சாயம் நேராக இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். பதினொன்றரைக்கு, ஜெல்லில் உள்ள புரதத்தைச் சவ்வுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் போட்டால் அது ஒரு மணி நேரம். பன்னிரண்டே முக்காலுக்கு பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் சவ்வை மூடுவது), அதுவும் ஒரு மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கான இடம் இதுதான். அதற்குப் பிறகு பிரைமரி ஆன்டிபாடியை ஊற்றி 4 டிகிரி கோல்ட் ரூமில் ஆடவிட்டால், மறுநாள் காலை வரை அந்தச் சவ்வுக்கு நீங்கள் தேவையில்லை. இதே வெஸ்டர்னை மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பிப்பவர் பிளாக்கிங்கைத் தொடும்போது ஆறேகால் ஆகியிருக்கும், லேப்பை விட்டுக் கிளம்பும்போது எட்டு ஆகியிருக்கும். ரிசல்ட் இருவருக்கும் மறுநாள்தான் வரும்.

பாக்டீரியா வேலைக்கு மாலை நேரம் தோதானது. பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏவைப் புகுத்தும் டிரான்ஸ்ஃபர்மேஷனை நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஐஸில் அரை மணி நேரம், அப்புறம் 42 டிகிரியில் 45 விநாடி. பிறகு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ரெக்கவரி. அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் மல்லேஸ்வரம் பக்கம் உள்ள சாங்கி ஏரிக்குப் போய்விடுவேன். 1882இல் வெட்டிய ஏரி, கரையோரம் நல்ல நடைபாதை உண்டு. திரும்பி வந்து ஐந்தரைக்கு பிளேட்டில் பரப்பி வைத்தால், மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சரியாக 16 மணி நேரம். நடந்ததும் ஆயிற்று, காலனியும் வந்தாயிற்று.

எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரோட்டீன் எக்ஸ்பிரஷனுக்கு கல்ச்சர் வளர்த்து, அதன் கலங்கல் அளவு (OD) 0.6 ஆவதற்காகக் காத்திருக்கும்போது வெளியே போகாதீர்கள். ஈகோலை 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும், கொஞ்சம் அசந்தால் தாண்டிப் போய்விடும். அந்த மாதிரி நேரத்தில் பேப்பர் படிப்பது, பஃபர் தயாரிப்பது என்று கிட்டத்தில் இருந்தே செய்கிற வேலைகளை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பழக்கம் இதைவிட முக்கியம். ஒவ்வொரு புரோட்டோகாலிலும் எங்கே நிறுத்தினால் சாம்பிள் கெடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தைச் சிவப்பு மையால் குறித்துவையுங்கள். அடியில் திரண்ட செல் பெல்லட்டை மைனஸ் 80இல் வைத்துவிடலாம். செல்லை உடைத்து எடுத்த லைசேட்டில் சாம்பிள் பஃபர் கலந்து கொதிக்கவைத்துவிட்டால் மைனஸ் 20இல் காத்திருக்கும். பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த மினிபிரெப் டிஎன்ஏவும் அப்படித்தான். காலனி வந்த பிளேட்டை பாராஃபிலிம் சுற்றி 4 டிகிரியில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போய் நிற்கும்போது "இன்னும் ஒரே ஒரு ஸ்டெப்" என்ற எண்ணம்தான் ராத்திரிச் சாப்பாட்டைக் கெடுப்பது. சிவப்புக் கோடு கண்ணில் பட்டால் நிம்மதியாக நிறுத்திவிடலாம்.

இனி சாப்பாடு. முதலில் ஒரு கண்டிப்பு: லேப்புக்குள் எதுவும் தின்னக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஜெல் ஊற்றும் மேஜையில் அக்ரிலமைடு இருக்கும், டிஎன்ஏ ஜெல் பக்கம் எத்திடியம் புரோமைடு இருக்கும், இரண்டும் நச்சு. கையுறையையும் லேப் கோட்டையும் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, வெளியே வந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். லேப் ஃப்ரிட்ஜில் டிபன் பாக்ஸ் வைப்பதும் கூடாது. வெளியே வந்துதான் ஆக வேண்டும் என்பதால் பத்து நிமிஷ ஓய்வும் தானாகக் கிடைக்கிறது.

ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி தட்டில் பாதி காய்கறியும் கீரையும் பழமுமாக இருக்க வேண்டும், உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். மெஸ் தட்டு இதற்கு நேர் எதிர்: மலை மாதிரி சோறு, தண்ணிச் சாம்பார், ஒரு கரண்டி பொரியல். மெஸ்ஸை மாற்றுவது கஷ்டம், ஆனால் வரிசையில் நிற்கும்போது முதலில் பொரியலை இரண்டு கரண்டி வாங்கிவிட்டு, மிச்ச இடத்தில் சோறு வாங்குவது நம் கையில் இருக்கிறது. கூடவே அறையிலிருந்து ஒரு டப்பா சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ கொண்டுபோங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கொண்டைக்கடலை, தட்டப்பயறு, மொச்சை எதுவானாலும் ராத்திரி படுக்கும்போது ஊறப்போட்டு, காலையில் குளிப்பதற்குள் குக்கரில் வெந்துவிடும்.

சமைக்க நேரமில்லாத நாளுக்கு எங்கள் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு இருக்கிறது. ஒரே பாத்திரம்தான். ஒரு டம்ளர் புழுங்கலரிசி, அரை டம்ளர் உடைத்த தொலி (தோல்) உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுங்கள். தொலியோடு போட வேண்டும், ருசியும் நார்ச்சத்தும் அதில்தான் இருக்கிறது. குக்கரில் அரிசி, உளுந்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், பெருங்காயம், உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் போட்டு நாலு டம்ளர் தண்ணீர் விட்டு, நாலைந்து விசில். திறந்ததும் மேலே கொஞ்சம் நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெள்ளரியோ கேரட்டோ நறுக்கி வைத்துக்கொண்டால் முழுச் சாப்பாடு. மிச்சத்தை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மத்தியானத்துக்கும் ஆகும்.

2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் பல பேருக்கு மாதா மாதம் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. ஆர்டர் போட்டே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. அரிசி, உளுந்து, கேழ்வரகு மாவு, நிலக்கடலை, முட்டை ஐந்தும் அறையில் இருந்தால் உதவித்தொகை தாமதமான மாதத்திலும் உடம்பு வாடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது. பால் பிடிக்காதவர்கள் அவசியம் கூழோ களியோ கிண்டிச் சாப்பிடப் பழக வேண்டும். காபி மூன்று மணிக்கு மேல் வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்.

உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ரெக்கவரி, டிரான்ஸ்ஃபர் நேரங்களில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 150 நிமிஷம் வேலை நாட்களிலேயே முடிந்துவிடும். வலுவுக்கு அறையிலேயே தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுவது, தண்டால், பிளாங்க் போதும். ஜிம் சந்தா கட்டினால்தான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம்.

லேப்காரர்களுக்கென்று தனி வலிகள் உண்டு. கிருமி படாமல் வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டியான ஹூட்டில் மணிக்கணக்காகக் கையை முன்னே நீட்டி உட்காருவதால் கழுத்தும் தோளும் இறுகும். பிப்பெட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் அடிப்பக்கம் வலிக்கும். முதலில் நாற்காலி உயரத்தைச் சரிசெய்யுங்கள்: முழங்கை ஹூட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. 96 குழி பிளேட் என்றால் மல்டிசேனல் பிப்பெட்டை எடுங்கள், ஒற்றைப் பிப்பெட்டால் போட்டு முடிப்பதில் பெருமை இல்லை. ஒவ்வொரு பிளேட்டுக்கும் நடுவே எழுந்து, தோளைப் பின்னால் சுழற்றி, தாடையை உள்ளே இழுத்துக் கழுத்தை நிமிர்த்துங்கள். கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் இருட்டறையில் நீண்ட ஸ்லாட் போட்டிருந்தால் இடையிடையே கதவைத் திறந்து வெளியே வந்து தூரத்து மரத்தைப் பாருங்கள். கட்டைவிரல் வலி சில வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், தைலம் தேய்த்தே ஓட்டிவிடக் கூடாது.

பயணம் என்றதும் கைடு (ஆய்வு வழிகாட்டி) என்ன சொல்வாரோ என்ற பயம் வரும். நியாயமான பயம்தான், ஆனால் லேப்பில் வளர்க்கும் செல்லை ஒழுங்குபடுத்திவிட்டுக் கேட்டால் பெரும்பாலான கைடுகள் மறுப்பதில்லை. சனி ஞாயிறு மட்டும் என்றால் வெள்ளி மாலை ஹீலா என்ற மனித செல்லை 1:10 விகிதத்தில் பிரித்துப் போடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் செல் திங்கள் காலையிலும் நெருக்கமாகியிருக்காது. வியாழக்கிழமை, செல்லுக்குள் டிஎன்ஏவைப் புகுத்தும் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் ஆரம்பித்தீர்களானால் அந்த வார இறுதி போச்சு. சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினால் நந்தி மலை 60 கிலோமீட்டர்தான், மத்தியானத்துக்குள் திரும்பித் தூங்கவும் செய்யலாம். ஊருக்கு என்றால் மாலை நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிக் காலையில் திருநெல்வேலி. ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அந்தத் தேதியை லேப் காலண்டரிலேயே குறித்துக்கொண்டு, ஊருக்குப் போகிற வாரத்துக்கு வெறும் மினிபிரெப்பும் டேட்டா அனாலிசிஸும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாட்டுப் பயணத்தோடு சேர்த்து ஊர் பார்ப்பது நம் தொழிலில் உள்ள பெரிய சலுகை. திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் விதுரா, பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பியில் (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) பயிற்சி என்றால் ஒரு மாலை கோல்கொண்டா கோட்டை ஏறலாம். வெளிநாட்டில் ஹைடல்பர்க் மாதிரி ஊர் என்றால் இன்னும் நல்லது: ஈஎம்பிஎல் (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்) மலைமேல் காட்டுக்குள் இருக்கிறது, நகரத்துக்கு நடந்தே இறங்கலாம். கூடுதலாக இரண்டு நாள் தங்க நினைத்தால் விசா விண்ணப்பத்திலேயே அந்தத் தேதிகளைச் சேர்த்துக் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்துவிட வேண்டும். திரும்பும் டிக்கெட் தேதி மாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று அக்கவுன்ட்ஸில் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கெட்டி அவலும் பருப்புப்பொடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டல் அறைக் கெட்டிலில் வெந்நீர் வைத்து அவலை ஊறவைத்துப் பொடி கலந்தால் காலைச் சாப்பாடு. நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பால் பொருட்களுக்குத் தடை. தயிர், வாழைப்பழம், ரொட்டி, அவித்த முட்டை எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் போவதென்றால் செல்லை உறையவைத்துவிட்டுப் போங்கள். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓவை 10 சதவீதம் சேர்த்து, நிமிஷத்துக்கு ஒரு டிகிரி குறைகிற பெட்டியில் மைனஸ் 80இல் ஒரு ராத்திரி, பிறகு லிக்விட் நைட்ரஜன். திரும்பி வந்து எடுத்தால் சோதனைக்குத் தயாராக மறுபடி ஒரு வாரம் ஆகும். அதனால் நீங்கள் வருவதற்கு நாலைந்து நாள் முன்பே செல் உறைந்திருக்கும் ஒரு குப்பியை எடுத்து 37 டிகிரித் தண்ணீரில் உருக்கிப் போடும்படி கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லுங்கள். அவர் ஊருக்குப் போகும்போது நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டும். எத்தனாலில் அழியாத பேனாவால் செல் பெயர், பாஸேஜ் எண் (எத்தனை முறை பிரித்துப் போட்டது), தேதி மூன்றையும் குப்பியில் எழுதி, எந்த நைட்ரஜன் கேன், எந்தப் பெட்டி, எந்த வரிசை என்று அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.